பச்சை முட்டை காட்டிக்கொடுத்த கலப்பு: தூய இனக் கோழியைப் பிரித்தறிவது எப்படி?

அமெராக்கானா இனம் என்று சொல்லி வாங்கிய குஞ்சு ஆறேழு மாதத்தில் வளர்ந்து நிற்கிறது. கன்னத்தில் பஞ்சு வைத்தாற்போல் இறகு, அலகுக்குக் கீழே தாடி, நிமிர்ந்த வால். பார்க்க அத்தனை அழகு. ஒரு நாள் காலையில் முதல் முட்டை விழுகிறது. எதிர்பார்த்தது நீல முட்டை. கூட்டில் கிடப்பதோ பாசிப் பச்சை. முட்டையில் ஒரு குறையும் இல்லை, கோழியும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அமெராக்கானா இல்லை.

அந்த முட்டையை உடைத்து, ஓட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைப் பொறுமையாக உரித்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வெளியே பச்சையாகத் தெரிந்த ஓடு உள்ளே வெளிர்நீலமாக இருக்கும். நீல நிறத்தைத் தரும் பிலிவெர்டின் என்ற நிறமி ஓடு உருவாகும்போதே அதனுள் ஊறிவிடுகிறது. பழுப்பு நிறத்தைத் தரும் புரோட்டோபோர்ஃபிரின் அப்படியில்லை; முட்டை வெளியே வருவதற்குச் சற்று முன்னால், ஓட்டின் மேற்பரப்பில் பூச்சாகப் படிகிறது. நீலத்தின் மேல் பழுப்புப் படிந்தால் நம் கண்ணுக்குப் பச்சை. ஆக, இந்தக் கோழியின் வம்சத்தில் ஒரு பக்கம் நீல முட்டை இட்டவர்கள், இன்னொரு பக்கம் பழுப்பு முட்டை இட்டவர்கள். இரண்டு பரம்பரை ஒரே ஓட்டில் அடுக்கடுக்காக இருக்கிறது.

கோழி வளர்க்கத் தொடங்கும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும்: என் கோழி தூய இனமா, கலப்பா? விடை ஒரு திசையில்தான் உறுதியாகக் கிடைக்கும். ‘இது தூய இனம் இல்லை’ என்று கண்ணால் பார்த்தே பல நேரம் அடித்துச் சொல்லிவிடலாம். ‘இது தூய இனம்தான்’ என்று கண்ணை மட்டும் நம்பிச் சொல்லவே முடியாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும்.

தூய்மை என்றால் என்ன?

இரண்டு கோழிகளை இணைத்தால் பிறக்கும் குஞ்சுகள் தலைமுறை தலைமுறையாகப் பெற்றோரைப் போலவே, எதிர்பார்த்த உருவம், நிறம், எடை, முட்டையுடன் வளர்கின்றனவா? அப்படியானால் அது ஓர் இனம். அந்த எதிர்பார்ப்பை எழுதி வைத்த ஆவணம்தான் இனத் தரநிலை. இப்படி எழுதிவைக்கும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. அமெரிக்காவின் முதல் கோழிக் கண்காட்சி 1849இல் பாஸ்டனில் நடந்தது. பிரிட்டனில் 1865இலேயே முதல் தரநிலை நூல் வெளிவந்தது. அமெரிக்கக் கோழிச் சங்கம் 1873இல் தொடங்கி, அடுத்த ஆண்டே தன் தரநிலையை வெளியிட்டது. கண்காட்சியில் பரிசு கொடுக்க வேண்டுமென்றால் எதற்குப் பரிசு என்று எழுதித்தானே ஆக வேண்டும்.

இதிலிருந்து ஒன்று புரியும். தூய்மை என்பது ஆதியிலிருந்து கலக்காமல் வந்த ரத்தம் இல்லை. வில்லியம் குக் என்பவர் 1886இல் உருவாக்கிய கறுப்பு ஆர்பிங்டன் கோழிக்கு மினார்க்கா, லாங்ஷான், பிளைமவுத் ராக் ஆகியவை மூதாதையர். கலப்பாகத் தொடங்கி, பிறகு ஒரே மாதிரி குஞ்சு பொரிக்கும் நிலைக்கு வந்ததால்தான் அது இனம் ஆனது. இன்னும் பின்னால் போனால் வீட்டுக்கோழி என்பதே கலப்புதான். அதன் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. பல இனங்களின் காலில் காணும் மஞ்சள் தோலுக்கான மரபணுவோ சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

குதிரைக்கும் நாய்க்கும் தனித்தனியாக வம்சாவளிச் சான்றிதழ் உண்டு. கோழிக்குப் பெரும்பாலும் அப்படியில்லை. ஆகவே ‘காகிதம் இருக்கிறதா’ என்று கேட்டுத் தீர்க்கக்கூடிய கேள்வி இல்லை இது. வளர்த்தவர் யார், எந்தச் சேவல், எந்தப் பெட்டை, எத்தனை தலைமுறையாகத் தனியே வைத்திருக்கிறார் என்பதுதான் விசாரிக்க வேண்டியது. அதற்குத் தெளிவான பதில் சொல்பவரிடம் வாங்குவது, எந்த உடல் அடையாளத்தையும் சரிபார்ப்பதைவிட மேல்.

கலப்பு ஏன் தூய இனம்போலத் தெரிகிறது?

ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று பள்ளியில் படித்திருப்போம். ஓங்கு பண்பு வெளியே தெரிய ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். ஒடுங்கு பண்பு தெரிய வேண்டுமானால் இருவரிடமிருந்தும் வர வேண்டும். கோழிக் கூட்டில் இந்தப் பாடம் கண்முன்னால் நடக்கும்.

சில்கிக் கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். முயல் ரோமம்போன்ற மென்மையான இறகு, கறுத்த தோல், காலில் ஐந்து விரல், தலையில் குடுமி, காலெல்லாம் இறகு. இதை ஒரு சாதாரணக் கோழியுடன் இணைத்தால் பிறப்பவற்றுக்குக் குடுமி இருக்கும், ஐந்தாம் விரல் இருக்கும், காலில் இறகு இருக்கும். ஏனென்றால் இவையெல்லாம் ஓங்கு பண்புகள், சிலது முழுமையாகவும் சிலது அரைகுறையாகவும். ஆனால் அந்த ரோமம்போன்ற இறகு மட்டும் காணாமல் போய்விடும். அது ஒடுங்கு பண்பு. ஆகவே சில்கிக் கலப்பைக் கண்டுபிடிப்பது எளிது. இறகைத் தடவினாலே போதும்.

கறுத்த தோலுக்கு இந்த எளிமை இல்லை. கடக்நாத், அயாம் செமானி, சில்கி ஆகிய மூன்று இனங்களிலும் தோலையும் சதையையும் எலும்பையும் கறுப்பாக்குவது ஒரே ஓங்கு பண்பு. ஆகவே கலப்புக் குஞ்சும் கறுப்பாகப் பிறக்கலாம். அந்தக் கறுப்பு எவ்வளவு ஆழமாக வரும் என்பதில் இன்னொரு மரபணு குறுக்கிடுகிறது. சாதாரணக் கோழிகள் பலவற்றில் தோலின் கறுப்பை அடக்கும் மரபணு ஒன்று உண்டு; அது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இருக்கிறது. கறுந்தோல் சேவலைச் சாதாரணப் பெட்டையுடன் இணைத்தால் பெட்டைக் குஞ்சுகள் ஆழ்ந்த கறுப்பாகவும், சேவல் குஞ்சுகள் வெளிறியும் வரும். திருப்பி இணைத்தால், அதாவது சாதாரணச் சேவலைக் கறுந்தோல் பெட்டையுடன் இணைத்தால், எல்லாமே வெளிறித்தான் இருக்கும். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மரபியலாளர்கள் பேட்சனும் பன்னெட்டும் சில்கியையும் பழுப்பு லெகார்னையும் வைத்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆக, ‘தோல் கறுப்பு, எனவே தூயது’ என்ற வாதம் செல்லாது. பாதிக் கலப்புப் பெட்டை ஒன்று அந்தத் தேர்வில் தாராளமாகத் தேறிவிடும்.

கோழியைக் கையில் எடுங்கள்

புதிதாகக் கற்பவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை. கடைசியில் பார்க்க வேண்டியதும் அதுதான் என்பது என் கருத்து. ஒரே நிறம் பத்து இனங்களில் இருக்கும். ஒரே இனம் பத்து நிறங்களில் இருக்கும். காலிலிருந்து தொடங்குங்கள்.

கறுப்புக் கோழி ஒன்றை அக்குளில் அணைத்துப் பிடித்துக்கொண்டு பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆஸ்ட்ராலார்ப் என்று சொல்லி விற்கப்படும் கறுப்புக் கோழிக்கு உள்ளங்கால் இளஞ்சிவப்பு கலந்த வெண்மையாக இருக்க வேண்டும். ஜெர்சி ஜயன்ட் ஆனால் காலின் வெளிப்புறம் கறுத்திருந்தாலும் உள்ளங்கால் மஞ்சள். இறகில் ஒன்றுபோலவே பச்சை மினுமினுப்புள்ள இந்த இரண்டையும் பிரிக்க இதைவிட விரைவான வழி இல்லை. காலில் இறகு முளைத்திருந்தால் இரண்டுமே இல்லை, லாங்ஷானின் சாயலாக இருக்கலாம். கழுத்திலோ மார்பிலோ செம்பொன் நிற இறகு எட்டிப்பார்த்தால், சிவப்புச் சேவலுக்கும் வரிவரியான இறகுள்ள பெட்டைக்கும் பிறந்த, முட்டைக்காகவே உருவாக்கிய கலப்பினமாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

முன்னே சொன்ன ஒரு திசை விதி இங்கேயும் வேலை செய்கிறது. வெள்ளைத் தோல் ஓங்கு பண்பு, மஞ்சள் தோல் ஒடுங்கு பண்பு. உள்ளங்கால் மஞ்சளாக இருந்தால் அது தூய ஆஸ்ட்ராலார்ப் இல்லை என்று சொல்லிவிடலாம். வெண்மையாக இருந்தால்? ஆஸ்ட்ராலார்புக்கும் ஜெர்சி ஜயன்டுக்கும் பிறந்த கலப்புக்கும் உள்ளங்கால் வெண்மையாகத்தான் இருக்கும். அப்போது தராசுதான் துணை. வளர்ந்த ஜெர்சி ஜயன்ட் பெட்டை ஏறக்குறைய நான்கரைக் கிலோ. ஆஸ்ட்ராலார்ப் பெட்டை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நடுவில் நிற்கும் எடை யோசிக்க வைக்க வேண்டும்.

விரல்களை எண்ணுங்கள். கோழிக்கு வழக்கமாக நான்கு விரல். டார்கிங், ஃபாவரோல், ஹூடான், சுல்தான், சில்கி போன்ற சில இனங்களுக்கு மட்டுமே ஐந்து. ஆர்பிங்டன் என்று சொல்லப்படும் கோழியின் காலில் பின்பக்கம் மேல்நோக்கி ஐந்தாவது விரல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், மூதாதையரில் யாரோ ஒருவர் இந்தப் பட்டியலைச் சேர்ந்தவர்.

பிறகு கொண்டை. ரம்பப் பல் போன்ற ஒற்றைக் கொண்டை, மூன்று வரிசையாகத் தாழ்ந்து படியும் பட்டாணிக் கொண்டை, தட்டையாகப் பின்னோக்கிக் கூம்பும் ரோஜாக் கொண்டை, சுருங்கிய கட்டிபோன்ற வால்நட் கொண்டை ஆகியவை முக்கியமானவை. ரோஜாக் கொண்டைக் கோழியையும் பட்டாணிக் கொண்டைக் கோழியையும் இணைத்தால் இரண்டும் இல்லாத வால்நட் கொண்டை வருகிறது என்பது மரபியலின் தொடக்ககாலக் கண்டுபிடிப்புகளில் ஒன்று. பிரம்மாவையும் கொச்சினையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். இரண்டும் பெருத்த உடல், இரண்டுக்கும் காலில் இறகு. கொண்டையைப் பார்த்தால் குழப்பம் தீரும்: பிரம்மாவுக்குப் பட்டாணி, கொச்சினுக்கு ஒற்றை.

காதுமடல் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. வெள்ளை மடல் என்றால் வெள்ளை முட்டை, சிவப்பு மடல் என்றால் பழுப்பு முட்டை என்று சொல்வார்கள். லெகார்னுக்கு அது பொருந்தும். டார்கிங்குக்குச் சிவப்பு மடல், ஆனால் முட்டை வெள்ளை. அமெராக்கானாவுக்கும் மடல் சிவப்பு, முட்டை நீலம். மடலை அந்தந்த இனத்தின் தரநிலையோடு மட்டுமே ஒப்பிடுங்கள். பொது விதியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

நீல முட்டைக் குடும்பம்

அராக்கானா, அமெராக்கானா, ஈஸ்டர் எக்கர். இந்த மூன்று பெயர்களையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகச் சொல்கிறார்கள். அதனால்தான் முதல் முட்டை விழும்போது ஏமாற்றம்.

அராக்கானாவின் வேர் தென்னமெரிக்காவில், சிலி நாட்டில். அமெரிக்கத் தரநிலைப்படி அதற்கு வாலே கிடையாது. வால் எலும்பே இல்லாமல் பின்புறம் உருண்டு முடியும். காதுக்குப் பக்கத்திலிருந்து இரண்டு இறகுக் கொத்துகள் மீசைபோல நீண்டிருக்கும். அமெராக்கானா அதிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு 1984இல் தரநிலையில் இடம்பெற்ற இனம். அதற்கு வால் உண்டு, காதுக் கொத்து இல்லை. மாறாக, கன்ன இறகும் தாடியும் உண்டு. பட்டாணிக் கொண்டை, நீலச்சாம்பல் கால், நீல முட்டை. ஈஸ்டர் எக்கர் என்பது இனமே இல்லை. நீல முட்டை மரபணுவைச் சுமக்கும் கலப்புக் கோழிகள் எல்லாவற்றுக்கும் வைத்த பொதுப் பெயர் அது. நீலம், பச்சை, ஆலிவ், இளஞ்சிவப்பு, பழுப்பு என்று எந்த நிறத்திலும் அவற்றின் முட்டை இருக்கலாம். ஆனால் ஒரு கோழி ஆயுள் முழுதும் ஒரே நிறத்தில்தான் இடும். சாயல் மட்டும் சற்றுக் கூடும், குறையும்.

முட்டை விழும்வரை காத்திருக்க முடியாதவர்கள் காலைப் பாருங்கள். அமெராக்கானாவின் கால் நீலச்சாம்பலாக இருப்பதற்குக் காரணம், உள்தோலில் கறுப்பு நிறமி, மேல்தோல் வெள்ளை. ஈஸ்டர் எக்கர்களில் பலவற்றுக்குக் கால் பச்சையாக இருக்கும். அங்கே உள்தோலில் அதே கறுப்பு, மேல்தோல் மட்டும் மஞ்சள். முட்டையில் நீலத்தின் மேல் பழுப்பு படிந்து பச்சையானதுபோல, காலிலும் ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று படிந்து பச்சையாகிறது. பச்சைக் கால் உள்ள கோழியை அமெராக்கானா என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

நீல முட்டைக்கான காரணம் 2013இல் வெளிவந்தது: கோழியின் முதலாம் குரோமோசோமில் ஒரு பழைய ரெட்ரோவைரஸ் (தன் மரபுப்பொருளைப் பிற உயிரின் மரபுப்பொருளுக்குள் செருகிவிடும் வைரஸ்) துண்டு புகுந்து உட்கார்ந்திருக்கிறது. பட்டாணிக் கொண்டைக்கான மரபணுவும் அதே குரோமோசோமில், மிக அருகில். அதனால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. ஈஸ்டர் எக்கர் குஞ்சுகளில் ஒற்றைக் கொண்டையோடு பிறப்பது நீல மரபணுவைப் பெறாமல் போயிருக்கும் வாய்ப்பு அதிகம். உறுதியில்லை, வாய்ப்புதான்.

வரிக்கோழிகளும் சிவப்புக் கோழிகளும்

வரிவரியாக இறகுள்ள கோழிகளைப் பார்த்ததும் பிளைமவுத் ராக் என்று சொல்லிவிடுவார்கள். ஒரு இறகை உருவி வெள்ளைத் தாள்மீது வைத்துப் பாருங்கள். வரிகள் அளவுகோல் வைத்துக் கோடிட்டாற்போல் நேராக, அடுக்காக, இறகின் அடிவரை இறங்கினால் அது பிளைமவுத் ராக்கின் வரி. அலைந்து, மங்கி, ஒழுங்கில்லாமல் இருந்தால் டொமினிக்காகவோ குக்கூ மாரன்ஸாகவோ இருக்கலாம். டொமினிக்குக்கு ரோஜாக் கொண்டை, மஞ்சள் கால். மாரன்ஸுக்கு ஒற்றைக் கொண்டை, வெண்ணிறக் கால், கரும்பழுப்பு முட்டை.

இந்த வரி மரபணுவும் பால் குரோமோசோமில்தான் இருக்கிறது. சேவலுக்கு அந்தக் குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு ஒன்று. ஆகவே தூய வரிச் சேவலுக்கு இரட்டைப் பங்கு வரி. உடம்பு வெளிறித் தெரியும். பெட்டைக்கு ஒற்றைப் பங்கு, கறுத்துத் தெரியும். இப்போது ஒரு வரிச் சேவலைக் கறுப்புப் பெட்டையுடன் இணைத்தால் என்ன ஆகும்? எல்லாக் குஞ்சுகளுக்கும் வரி இருக்கும். பெட்டைகள் தூய பெட்டையைப் போலவே ஒற்றைப் பங்கோடு வளரும். இறகின் நிறத்தில் வேறுபாடு காண்பது மிகக் கடினம். சேவல்களோ இரட்டைப் பங்குக்குப் பதில் ஒற்றையைத்தான் பெற்றிருக்கும். அவை பெட்டையைப் போலவே கறுத்து நிற்கும். ஆகவே வரிக்கோழிக் கூட்டத்தில் பெட்டையை ஆராய்வதைவிட, அதே முட்டைத் தொகுதியில் பொரித்த சேவலைத் தேடிப் பாருங்கள். தங்கையின் ரகசியத்தை அண்ணன் சொல்லிவிடுவான்.

சிவப்புக் கோழிகளில் சிக்கல் வேறு மாதிரி. கண்காட்சிக்கு வளர்க்கும் ரோட் ஐலண்ட் ரெட் காய்ந்த ரத்த நிறத்தில், ஏறக்குறையக் கறுப்பை எட்டும் அடர்சிவப்பு. பக்கத்திலிருந்து பார்த்தால் உடல் ஒரு செங்கல்லை நீளவாக்கில் வைத்தாற்போல இருக்கும். ஐஎஸ்ஏ பிரவுன் போன்ற முட்டைக் கலப்பினங்கள் வெளிர்செம்பழுப்பு, உடலும் சிறியது. முதுகு இறகை விரலால் விலக்கி அடிப்பஞ்சைப் பாருங்கள். ரோட் ஐலண்ட் ரெட்டுக்குச் சிவப்பு தோல்வரை இறங்கும். கலப்பினத்துக்கு அடிப்பஞ்சு பெரும்பாலும் வெண்மை, வாலிலும் வெள்ளை தெரியும்.

அந்தக் கலப்பினங்கள் ஆண்டுக்கு 300க்கும் மேல் முட்டை இடும். அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அவற்றைப் படைத்தவர்கள் திறமைசாலிகள். குஞ்சு பொரித்த அன்றே நிறத்தைப் பார்த்துச் சேவல் எது, பெட்டை எது என்று பிரித்துவிடலாம். ஆனால் அந்த வசதி ஒரு தலைமுறைக்குத்தான். அவற்றையே சேவலும் பெட்டையுமாக வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தால் நிறம் கலைந்துபோகும், பால் பிரிக்க முடியாது, முட்டை எண்ணிக்கையும் பெற்றோர்போல் வராது. தூய இனத்துக்கும் கலப்பினத்துக்கும் உள்ள நடைமுறை வேறுபாடு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

நிறம் வெளிறியிருப்பதாலேயே கலப்பு என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. 1935இல் அமெரிக்கத் தரநிலையில் இடம்பெற்ற நியூ ஹாம்ப்ஷையர், ரோட் ஐலண்ட் ரெட்டிலிருந்து வேறு ரத்தம் சேர்க்காமல் வெறும் தேர்வாலேயே உருவான இனம். சீக்கிரம் வளர்வதையும் முட்டையையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் நிறமும் வெளிறி, உருவமும் மாறி, தனி இனமாகவே ஆகிவிட்டது.

தூய கோழியும் தவறாகத் தெரியும்

நல்ல கோழிகளைக் கலப்பு என்று ஒதுக்கிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஒரு நீலநிறச் சேவலையும் நீலநிறப் பெட்டையையும் இணைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தால், ஏறக்குறையப் பாதி நீலம், கால்பங்கு கறுப்பு, கால்பங்கு வெள்ளையில் சிதறிய புள்ளிகள். கறுப்புக் குஞ்சைப் பார்த்து ‘யாரோ கலந்துவிட்டார்கள்’ என்று பதற வேண்டாம். நீலம் என்பதே ஒரு பங்கு மரபணுவால் வரும் இடைநிலை நிறம். அது எப்போதும் இப்படித்தான் பிரியும்.

அராக்கானாவின் காதுக் கொத்து இன்னும் கடுமையானது. அந்த மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் சேர்ந்து வந்தால் கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். ஆகவே உயிரோடிருக்கும் கொத்துள்ள அராக்கானா ஒவ்வொன்றும் ஒற்றைப் பங்கைத்தான் சுமக்கிறது. கொத்தில்லாத குஞ்சுகள் மிகத் தூய வரிசையிலும் பிறந்துகொண்டேதான் இருக்கும்.

பருவத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். முழு இறகு முளைக்காத இளங்கோழியை வைத்து நிறத்தை எடைபோட முடியாது. வெயிலில் கறுப்பு இறகு பழுப்பாக வெளிறும். மஞ்சள் கால் உள்ள பெட்டை தொடர்ந்து முட்டை இட இட, காலின் மஞ்சள் கரைந்து வெண்மையாகிவிடும். முட்டை இடுவதை நிறுத்தி ஓய்வெடுத்தால் நிறம் திரும்பிவரும். மஞ்சள் நிறம் தீனியிலிருந்து வருவது. பச்சைத் தழையும் மஞ்சள் சோளமும் குறைந்தாலும் கால் வெளுக்கும். மாரன்ஸின் கரும்பழுப்பு முட்டைகூட, முட்டை இடும் பருவம் நீள நீள வெளிறும்.

குஞ்சுகளைக் கேளுங்கள்

நீல முட்டை மரபணு போன்ற தனித்தனி மரபணுக்களுக்குச் சோதனை உண்டு. மற்றபடி மறைந்திருப்பதை வெளியே கொண்டுவர இணைத்துப் பார்ப்பதுதான் வழி. அதற்கு முன்னால் ஓர் ஏற்பாடு. பெட்டையின் உடலில் சேவலின் விந்து இரண்டு மூன்று வாரம்வரை உயிரோடு தங்கும். வேறு சேவலோடு இருந்த பெட்டையை ஒரு மாதம் தனியே வைத்துவிட்டு, அதற்குப் பிறகு சரியான சேவலோடு சேர்த்துக் கிடைக்கும் முட்டைகளையே அடைக்கு வையுங்கள். ஒருமுறை வேறு சேவலோடு சேர்ந்த பெட்டையின் குஞ்சுகள் அதன்பின் என்றைக்குமே கலப்புதான் என்று சிலர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. அந்த ஒரு மாதம் கழிந்தால் பழைய சேவலின் தடயம் எதுவும் மிஞ்சாது.

வையன்டாட் என்ற இனத்தை வைத்து இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். ரோஜாக் கொண்டைதான் அதன் அடையாளம். அது ஓங்கு பண்பு என்பதால், ஒற்றைக் கொண்டை மரபணு ஒன்றை ஒளித்து வைத்திருக்கும் சேவலும் வெளியே ரோஜாக் கொண்டையோடுதான் திரியும். தூய வையன்டாட் வரிசைகளிலேயே ஒற்றைக் கொண்டைக் குஞ்சுகள் அவ்வப்போது தலைகாட்டுவதற்கு இதுவே காரணம். அதை முழுவதுமாகக் களைந்துவிடாமல் பலர் விட்டுவைப்பதற்கும் காரணம் உண்டு: ரோஜாக் கொண்டை மரபணு இரண்டு பங்காக உள்ள சேவல்களுக்குக் கருவுறச் செய்யும் திறன் குறைவு.

உங்கள் சேவல் எதை ஒளித்திருக்கிறது என்று அறிய, அதை ஒற்றைக் கொண்டைப் பெட்டையுடன் இணையுங்கள். ஒளித்திருந்தால் ஒவ்வொரு குஞ்சும் ஒற்றைக் கொண்டையோடு பிறக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரே ஒரு ஒற்றைக் கொண்டைக் குஞ்சு வந்தாலே கேள்வி முடிந்தது. ஏழு குஞ்சு பொரித்து ஏழுமே ரோஜாக் கொண்டையாக இருந்தால், அது தற்செயலாக நடந்திருக்க 128இல் ஒரு வாய்ப்புதான். பத்துக் குஞ்சு என்றால் 1,024இல் ஒன்று. கொண்டையின் வடிவம் பொரித்த முதல் நாளிலேயே தெரியும் என்பதால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. ஈரம் காய்ந்ததும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அலகுக்கு மேலே பென்சிலால் கீறியதுபோல ஒரு மெல்லிய கோடு நிற்கிறதா, அல்லது அகலமாக ஒரு சிறு தட்டு பதிந்திருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.